மின்சார ரயிலில் பூ கட்டிய அக்காவுக்கு

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டு வந்த அக்காவுக்கு நன்றி. பெயர் தெரியாது.

நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்து, "கட்டிப் பாக்குறியாம்மா?" என்று நாரை என் கையில் கொடுத்தீர்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். காம்புகள் நடுவில் சேர வேண்டும். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும், விட்டால் சரம் தொளதொளக்கும். வாழைநார் காயாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். அப்புறம் நடுநடுவே கனகாம்பரம். அதற்கு வாசனை கிடையாது, நிறத்துக்காகத்தான் என்றீர்கள். வெள்ளைக்கு நடுவே அந்த ஆரஞ்சு எவ்வளவு அழகு!

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், பாதிப் பெருமை கட்டுகிற விரல்களுக்குச் சேரும். மாலையில் தலையில் விரியட்டும் என்று மொட்டாகவே பார்த்துக் கட்டுகிறீர்களே, அதைக் கலை என்றுதான் சொல்வேன்.

பல்லாவரத்தில் நான் இறங்கும்போது ஒரு முழம் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். இப்போது வீட்டில் சாமி படத்துக்கு நானே கட்டுகிறேன். ரொம்ப நன்றி அக்கா.