கத்தார் கேள்வியும் உலக விவகாரம்தான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிகளில் உலக விவகாரங்கள் பற்றிய நிகழ்ச்சிகள் பெருகி வருவதைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். பிள்ளைகள் உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கும் தீராத ஆசை உண்டு. ஆனால் அந்த நிகழ்ச்சிகள் நடக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் உலக அரசியல் கருத்தரங்கம். பேத்தி அங்கே பி.காம். இரண்டாம் ஆண்டு. அவள் கூப்பிட்டதால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். அப்புறம் சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். விஷயம் தெரிந்தவர், அதில் குறை இல்லை. ஆனால் என்னைச் சுற்றி இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். நோட்டில் தேதியையும் தலைப்பையும் எழுதியதோடு பேனாவை மூடிவிட்டார்கள்.

கேள்விக்குப் பத்து நிமிடம். ஒரு மாணவி எழுந்தாள், கையில் நான்காக மடித்த தாள். "ஐயா, எங்க அண்ணன் கத்தார்ல வேலை செய்யறாங்க. கம்பெனியில பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. அப்படி வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். "இது இன்றைய தலைப்புக்குள் வராதும்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பெண் தாளை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

இந்திய பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967-ம் வருடச் சட்டம் சொல்கிறது. தொழிலாளி தானே எழுதிக் கேட்டாலன்றி முதலாளி அதை வைத்திருக்கக் கூடாது என்று கத்தாரின் சட்டமும் சொல்கிறது. பிறகு ஏன் இப்படி நடக்கிறது? 2020-ல் கத்தார் சட்டத்தைத் திருத்தும்வரை கஃபாலா என்கிற ஸ்பான்சர் முறை ஒருவரை எப்படி ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டது? தூதரகம் எதுவரை தலையிட முடியும்? பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா வேலைக்குப் போக அரசின் அனுமதி ஏன் தேவை? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசியிருக்கலாம். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடத்தான் வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் முந்திரிக் கொட்டை உடைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே அடுக்கியிருந்த சாக்குகளில் பிரெஞ்சில் நாட்டின் பெயர் அச்சடித்திருந்தது: கோத் திவ்வார், அதாவது ஆப்பிரிக்காவில் இருக்கும் ஐவரி கோஸ்ட். நம் காட்டு விளைச்சல் போதாததால் ஆப்பிரிக்கக் கொட்டை கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் வருகிறது. இப்போது அந்த நாடுகள் தங்கள் கொட்டையைத் தாங்களே உடைத்து விற்க முனைகின்றன. அதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி நடந்தால் இங்கே கை கறுக்கக் கறுக்கக் கொட்டை உடைக்கும் பெண்களின் கதி என்ன? அவர்களின் பிள்ளைகள்தான் நம் கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுப் படை, கடலில் இரண்டு நாட்டுக் கப்பல்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதால் வந்த சண்டை அது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் இந்த மண்ணில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து இதைச் சொன்னால், எங்கோ நடக்கும் போர் நம்மை என்ன செய்யும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் கல்லூரிகளிடம் நான் கேட்பது இதுதான். நிகழ்ச்சியைத் தமிழில் நடத்துங்கள். பேராசிரியரைக் கூப்பிடுங்கள், அவரோடு வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரையும் முந்திரி வியாபாரி ஒருவரையும் மேடையில் உட்கார வையுங்கள். பாதி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள், எழுந்து பேசக் கூச்சப்படுகிற பிள்ளை சீட்டில் எழுதித் தரட்டும். மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக உட்கார்ந்து வாதாடும் மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறவர்கள் நுழைவுக் கட்டணத்தையும் கோட்டு சூட்டையும் விட்டுவிட்டு, இந்தியாவாக ஒரு மாணவி, கத்தாராக ஒரு மாணவி, நேபாளமாக ஒரு மாணவர் என்று உட்காரவைத்து, அந்த பாஸ்போர்ட் விவகாரத்தையே தமிழில் வாதாடச் சொல்லலாம். அக்டோபர் 24 ஐ.நா. நாள் வருகிறது. ஒரு கல்லூரியாவது செய்து பார்க்கட்டும். 1783 பற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டால் சொந்தச் செலவில் வருகிறேன்.

அந்த மாணவியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதிப் பேத்தியிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அதே தாளின் பின்பக்கம் வேறு நான்கு பேரின் கேள்விகளோடு திரும்பி வந்தது. அவற்றில் இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பிள்ளைகளிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.