துக்கத்துக்கு அவகாசம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மூத்த மகனை இழந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் ‘எல்லாம் ஆண்டவரின் சித்தம்’ என்றார்கள். அன்போடு சொன்னார்கள் என்பதை அறிவேன், ஆயினும் அது அழுகையை நிறுத்தச் சொல்லும் கட்டளையாகவே எனக்குக் கேட்டது.

ஆறுதல் பிறகுதான் வந்தது. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு (ஈஸ்டர்) ஞாயிறன்று குண்டு வெடித்துப் பலர் மாண்ட அதே ஆலயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை வழிபாட்டின்போது முன்பின் அறியாத தாயொருவர், எதுவும் கேட்காமல், என் அருகில் அமர்ந்து செபமாலை சொன்னார். இறந்த நண்பர் இலாசரைத் தாமே உயிர்ப்பிக்கப் போகும் வேளையிலும் இயேசு கண்ணீர் விட்டார் என்பதை நான் சிறுவயது முதல் கேட்டிருந்தும், அன்றுதான் என் கண்ணீரும் செபம் என்று உணர்ந்தேன். மகன் இல்லாத வெறுமை இன்றும் தீரவில்லை. அதில் நான் தனியாக இல்லை.

இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில், உறவுகளை இழந்தோர் பேசவும் அழவும் ஒரு மாலைப்பொழுதையேனும் கொழும்புப் பங்கு ஆலயங்கள் ஒதுக்க வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு தந்தை,
கொழும்பு 13