கடைசி வரி

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. புது வேலை உனக்குப் பிடித்துவிட்டதாக நம்மோடு நிரல் எழுதும் தாடி சொன்னார். மகிழ்ச்சி. ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் இன்னும் ‘சில திருத்தங்கள்’ என்றுதான் எழுதுகிறாயாமே, திருந்தவே மாட்டாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வரி காணாமல் போகும் அந்த பக், அந்தப் பிழை, நினைவிருக்கிறதா? கோப்பு, வரி முடிவைக் குறிக்கும் நியூலைன் இல்லாமல் முடிந்தால் நம் நிரல் கடைசி வரியைப் படிக்காமலே விட்டுவிடும். அதைச் சரிசெய்து, கூடவே அதைச் சோதிக்கும் ஒரு டெஸ்டும் எழுதி அனுப்பினேன். எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது. பொது நிரலோடு மெர்ஜும் ஆனது.

போன மாதம் அதே பக் திரும்பி வந்துவிட்டது. இடையில் ஆயிரம் கமிட்டுகள். தாடி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் பாதி கழிந்துவிடுவதால் பத்தே சுற்றில் சிக்கியது. புதிதாக வந்த ஒரு பையனின் கமிட். படிக்கும் பகுதியை ஒழுங்குபடுத்தும்போது அறியாமல் என் திருத்தத்தை எடுத்துவிட்டிருக்கிறான். எல்லா டெஸ்டையும் ஓட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தான், பாவம். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவனைத் தடுத்திருக்க வேண்டியது என் டெஸ்ட் அல்லவா?

தோண்டிப் பார்த்தேன். டெஸ்டுக்கான மாதிரிக் கோப்பை விம் என்ற எடிட்டரில் தயாரித்திருந்தேன். சேமிக்கும்போது விம் தானாகவே கடைசியில் ஒரு நியூலைன் சேர்த்துவிடும். நியூலைன் இல்லாத எந்தக் கோப்புக்காக டெஸ்ட் எழுதினேனோ, அப்படி ஒரு கோப்பே அங்கு இல்லை! திருத்தம் இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை. திருத்துவதற்கு முன் ஒரே ஒரு முறை ஓட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தவறு என் டெஸ்டில்தான் என்று அந்தப் பையனுக்கு எழுதிவிட்டேன்.

இப்போது முதலில் டெஸ்டை மட்டும் எழுதி ஓட்டுகிறேன். சிவப்பு, அதாவது தோல்வி, வந்தாக வேண்டும், அதுவும் நான் நினைத்த காரணத்துக்காக. அப்புறம்தான் திருத்தம். அவசரத்தில் முன்பே திருத்தியிருந்தால், அதை மட்டும் கிட் ஸ்டாஷில் ஒதுக்கிவிட்டு ஓட்டுகிறேன். அனுப்பும் முன் வேறொரு இடத்தில் நிரலைப் புதிதாகக் குளோன் செய்து, அதாவது நகலெடுத்து, அங்கே முழுவதையும் ஓட்டுகிறேன். கிட் ஆட் செய்து சேர்க்க மறந்த கோப்பு ஒன்று போன வாரம் அப்படித்தான் அகப்பட்டது. அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

உன்னிடம் ஓர் உதவி. அடுத்த மாற்றத்தில் நிறையக் கோப்புகளின் பெயரை மாற்றியிருக்கிறேன். பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதை என் மேக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு கோப்பு. உன் லினக்ஸில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறாயா? லினக்ஸ் கர்னல் எழுதுகிறவர்கள் போடுவதுபோல ‘டெஸ்டட்-பை’ (சோதித்தவர்) என்று உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். நிஜமாகவே ஓட்டிவிட்டுச் சொல்.

இந்த மாற்றம் உள்ள பிராஞ்சை, அந்தத் தனிக் கிளையை, நீ எடுத்துக்கொள்ள இன்றிரவு புஷ் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்