குணாவுக்கு: விம்பிள்டனை விற்கச் சொல்லும் மகன் பற்றி

அன்பின் குணா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று குட்டியண்ணை சொன்னார், சந்தோஷம். ரொறன்ரோவில் பனி கொட்டும் நேரம் படிகளில் ஏறி இறங்காதே, நீ சொல்வழி கேட்கிற ஆள் இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

ஆதரவாளர்களான எங்கள் கையில் இருக்கும் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி நீ அனுப்பிய குரல்செய்தியை இரண்டு தரம் கேட்டேன். "ரெக்ஸம் பார், உங்கட ஆட்கள் என்னத்துக்கு இன்னும் கழகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், வித்துப்போட்டு மேலே போங்கோவன்" என்று சிரிக்கிறாய். வேறொரு நேரமென்றால் நானும் சிரித்துவிட்டு ஒரு எமோஜி போட்டிருப்பேன். ஆனால் அதே கிழமை என்னுடைய மூத்தவன் சாப்பாட்டு மேசையில் வைத்து அதையே சொன்னான். அவன் இப்போது கழகத்தை வைத்திருக்கும் ஆதரவாளர் அமைப்பான டொன்ஸ் ட்ரஸ்டில் முழு உறுப்பினர், வாக்கு இருக்கிறது. யாராவது நல்ல காசோடு வந்தால் பெரும்பான்மைப் பங்கை விற்க நான் ஆம் என்றுதான் போடுவேன் என்கிறான். அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அவன் சும்மா கதைக்கவில்லை, கணக்கோடு வருகிறான். வேல்ஸில் ரெக்ஸம் ஆதரவாளர்கள் 2011-இல் தங்கள் கழகத்தைக் கையில் எடுத்தார்கள், ஒன்பது வருடம் ஐந்தாம் பிரிவிலேயே கிடந்தார்கள், 2020-இல் வாக்கெடுப்பு வைத்து 98.6 சதவீதம் பேர் ஆம் என்று சொல்லி இரண்டு நடிகர்களிடம் கொடுத்தார்கள், இப்போது அடுத்தடுத்து மூன்று தடவை மேலேறி இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் நிற்கிறார்கள். போர்ட்ஸ்மத் ஆட்கள் 2013-இல் கழகத்தை மூடவிடாமல் காப்பாற்றி, 2017-இல் டிஸ்னியின் பழைய தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் விற்றார்கள், 2024-இல் மூன்றாம் பிரிவான லீக் வன்னில் சாம்பியன். அதற்கு அடுத்த வருடம் அதே லீக் வன்னில் பேர்மிங்காம் 111 புள்ளி எடுத்தது, அவர்கள் ஒரு முன்கள வீரனுக்குக் கொடுத்த காசில் எங்கள் கழகத்தை வருடக்கணக்கில் ஓட்டலாம். "அப்பா, நாங்கள் இந்த ஆட்களோடு போட்டி போட வேணும், வாளியில் காசு சேர்த்து எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்கிறான். என்ன சொல்வாய்?

ரெக்ஸத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சனம் தங்கள் கழகத்தைத் தாங்களே வைத்திருந்தார்கள், தாங்களே வாக்குப் போட்டுக் கொடுத்தார்கள், வாங்கியவர்களும் சொன்னபடி செய்கிறார்கள். போர்ட்ஸ்மத்தும் அப்படித்தான். ஆனால் இவன் ஸ்வான்ஸியைச் சொல்வதில்லை. அங்கே ட்ரஸ்டிடம் 21.1 சதவீதம் இருந்தது. பிரீமியர் லீக் கழகமொன்றில் ஆதரவாளர்களுக்கு இவ்வளவு பங்கா என்று நாடே புகழ்ந்தது. 2016-இல் மற்றப் பங்காளிகள் அமெரிக்கக் குழு ஒன்றிடம் தங்கள் பங்கை விற்றபோது ட்ரஸ்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வழக்கு, வக்கீல், வருடக்கணக்கில் இழுபறி, 2022-இல்தான் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு கையில் இருந்தும் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயைப் பார், 1867-இல் தொடங்கிய கழகம், ஒரே முதலாளி, சம்பளம் நேரத்துக்கு வராமல் போய் 2025 ஒக்டோபரில் கடன் தீர்க்க வரும் நிர்வாகியின் கையில் விழுந்து 12 புள்ளி வெட்டு. அந்தச் சனத்துக்கு வாக்கில்லை. மைதானத்துக்குப் போகாமல் இருப்பது ஒன்றுதான் அவர்களிடம் இருந்த ஆயுதம். தங்கள் கழகத்தைக் காப்பாற்றத் தங்கள் கழகத்தையே பட்டினி போட வேண்டிய நிலை, யோசித்துப் பார் மச்சான்.

நீ 2001-இல் கனடா போய்விட்டாய், அதனால் உனக்கு நாங்கள் வாடகைக்கு இருந்த செல்ஹெர்ஸ்ட் பார்க் மைதானம் மட்டும்தான் ஞாபகம். குளிர், பாதி வெறிச்சோடிய இருக்கைகள், மாஸ்டர் கொண்டுவரும் தேநீர்ப் போத்தல். 1988-இல் லிவர்பூலை வென்ற கழகம், சான்செஸ் அடித்த கோல், ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை பீசன்ட் பிடித்தது எல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, என்னைவிட நன்றாக நீ சொல்வாய், அதுவும் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்வாய். ஆனால் 2002-இல் நடந்ததை நீ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. கழகத்தை 90 கிலோமீற்றர் அப்பால் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக முதலாளிகள் கேட்டார்கள். லீக் முதலில் மறுத்தது. விதி அனுமதிக்கவில்லை என்றது. சரி, இனி விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம். அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், கடைசியில் மூன்று பேர் கொண்ட ஒரு ஆணைக்குழுவிடம் போனது, மே 28-இல் இரண்டுக்கு ஒன்று என்று முடிவு வந்தது. போகலாம். புதிதாக ஒரு விம்பிள்டன் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஆதரவாளர்களே தொடங்கிய புதுக் கழகத்துக்கு விம்பிள்டன் கொமனில் புல்லில் ஆட்களைத் தெரிவு செய்தார்கள், 230 பெடியள் வந்து விளையாடிக் காட்டினார்கள். முதல் நட்பு ஆட்டம் சட்டனில், நாலுக்குப் பூச்சியம் தோல்வி, ஆனால் 4,657 பேர் வந்திருந்தார்கள், வேலி ஓரமெல்லாம் சனம். ஒன்பதாம் பிரிவிலிருந்து தொடங்கி, நடுவில் 78 லீக் ஆட்டம் தோல்வியே இல்லாமல் ஓடி, ஒன்பது வருடத்தில் ஐந்து தடவை மேலேறி, 2011-இல் மன்செஸ்டரில் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்தோம். அதெல்லாம் ஒரு முதலாளியின் காசில் நடக்கவில்லை. ஆளுக்கொரு வாக்கு, ஆயிரம் பவுண் கொடுத்தவனுக்கும் ஒன்று, சந்தா மட்டும் கட்டியவனுக்கும் ஒன்று. வெளிநாட்டுக்காரன், தமிழன் என்று என்னை யாரும் தள்ளி வைக்காத முதல் பொதுக்கூட்டம் எனக்கு அதுதான், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன்.

அப்புறம் பிளவ் லேன், கழகத்தின் பழைய வீடு. 2020 நவம்பரில் திரும்பி வந்தோம், பழைய மைதானத்துக்குச் சில நூறு யார் தள்ளி, நாய் ஓட்டம் நடந்த இடத்தில். கொரோனா காலம், உள்ளே யாருமில்லை, டொன்காஸ்டரோடு இரண்டுக்கு இரண்டு, வீட்டில் திரையில் பார்த்தேன். எஃப்ரா ரோட் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே நடந்து ஆட்டத்துக்குப் போகலாம், நீ வந்தால் செய்வோம். ஆனால் அந்த மைதானம் எப்படி முடிந்தது தெரியுமா? 2019 கடைசியில் கட்டட வேலை பாதி நடக்கும்போது காசில் பெரிய ஓட்டை. வெளியார் முதலீடு பற்றிக் கழகம் கதைத்தது. அப்போதுதான் ஆதரவாளர் சிலர் எழுந்து, நாங்களே கடன் கொடுக்கிறோம், கடன்பத்திரம் போடுங்கள் என்றார்கள். சில கிழமைக்குள் 50 லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. ரூட்டிங்கில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் சிலரும் போட்டார்கள்.

கடன்பத்திரம் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது ஒரு பக்கம். 2024 செப்டெம்பரில் வான்டில் ஆறு பெருகி மைதானத்தில் குழி விழுந்து, நியூகாசிலோடு எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய கிண்ணப் போட்டி அவர்கள் வீட்டுக்குப் போனது, அந்தச் செலவு இன்னொரு பக்கம். அதற்குப் பிறகும் அதே பருவத்தில் வெம்பிளியில் வோல்சோலை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று லீக் வன்னுக்கு வந்தார்கள் பெடியள், ஹிப்போலிட் அடித்த கோலுக்கு நானும் மூத்தவனும் கட்டிப் பிடித்து அழுதோம். அந்த மூத்தவன்தான் இப்போது விற்கச் சொல்கிறான்.

குணா, எங்கள் ஊர்க் கழகத்தை நினைத்துப் பார். மதில் கட்டவும் வாசலுக்கு வளைவு போடவும் சுவிஸில் இருந்து காசு வந்தபோது, அனுப்பியவர் மைதானக் காணியையும் தன் குடும்பத்து நம்பிக்கைப் பொறுப்பில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். பாதிச் சனம் சரி என்றது, மதில் வருகிறது, வெளிச்சம் வருகிறது, இனி என்ன. மாஸ்டர் எழுந்து நின்று, காசை வாங்குங்கோ, வளைவில் அவருடைய தகப்பன்ர பேரைப் பெரிசாப் போடுங்கோ, ஆனால் காணி உறுதி கழகத்தின்ர அலுமாரிக்குள்ளதான் இருக்கும் என்றார். இரண்டு வருடம் அந்த மனுசன் எங்களோடு கதைக்கவில்லை, பிறகு காசும் அனுப்பினார். எங்கள் விம்பிள்டனுக்கு நடந்தது அதன் மறுபக்கம். பழைய பிளவ் லேன் நிலம் கழகத்தின் கையை விட்டுப் போனது, அதை வைத்திருந்தவர் 1998-இல் சேஃப்வே சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றார், கழகம் வாடகை வீட்டில் இருந்தது, வீடில்லாத கழகத்தை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆனது. பந்து தெரியாதவர்களிடம் தோற்ற கதை இல்லை இது, உறுதி யார் கையில் என்ற கதை.

மகனுக்கு இதற்கும் பதில் இருக்கிறது. 2025-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது அப்பா, சுயாதீன ஒழுங்குபடுத்துநர் இருக்கிறார், மைதானத்தை விற்கவோ கழகத்தை இடம் மாற்றவோ அவருடைய அனுமதி வேண்டும் என்கிறான். நல்ல சட்டம், எங்களுக்கு நடந்ததும் அந்தச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று என்றே நம்புகிறேன். ஆனால் 2001-இலும் விதி எங்கள் பக்கம்தான் இருந்தது. லீக்கும் எங்கள் பக்கம்தான் இருந்தது. பிறகு மூன்று பேர் ஒரு அறையில் இருந்தார்கள்.

இனி உனக்கு மட்டும் சொல்கிறேன், மகனிடம் இதைச் சொன்னால் பிடித்துக்கொள்வான். ட்ரஸ்ட் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. வாக்கெடுப்பு வந்தால் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. பொதுக்கூட்டத்தில் அதே முகங்கள், அதே இரண்டு பேர் அதே கேள்வி. ட்ரஸ்ட் சபை ஒன்று, கழகச் சபை ஒன்று, எதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று உறுப்பினருக்கே பல நேரம் விளங்குவதில்லை, கேட்டால் வர்த்தக இரகசியம் என்று வாயை மூடுகிறார்கள். சபையில் இருப்பவர்கள் வேலை முடித்து வந்து இரவிரவாகச் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள், களைத்துப் போகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வர இளம் ஆட்கள் இல்லை. எனக்கு உண்மையான பயம் பணக்காரன் இல்லை. வாக்குக் கடிதத்தைத் திறக்காமல் குப்பையில் போடும் எங்கள் ஆட்கள்தான். 2002-ஐ பார்த்த சனம் வயதாகி வருகிறது. மூத்தவன் பிறந்ததே அதற்குப் பிறகு, அவனுக்கு அது தகப்பன் சொல்லும் பழங்கதை.

அதனால் நான் காசே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுபான்மைப் பங்கு விற்கட்டும், ஸ்டாண்டுக்குப் பெயர் விற்கட்டும், நல்ல மனமுள்ளவர்கள் உள்ளே வரட்டும், ஏற்கெனவே வந்தும் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் மட்டும் எங்கள் கையில் இருக்க வேண்டும். ஜேர்மனியில் வாக்கில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும், ஐம்பதுக்கு மேல் ஒன்று, என்று விதி வைத்துக்கொண்டு டோர்ட்மண்ட் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் கூடிப் பாடுகிறார்கள், எக்ஸிட்டரில் 2003-இலிருந்து ட்ரஸ்ட்தான் கழகத்தை நடத்துகிறது, உலகம் இடிந்து விழவில்லை. லீக் வன்னிலிருந்து இறங்கினாலும் இறங்குவோம். இறங்கி ஏறத் தெரிந்த கழகம் எங்களுடையது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மூத்தவன் நான் சொன்னால் எதிர்ப்பான், நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே உன் பக்கம்தான். ரெக்ஸம் கதையை விட்டுவிட்டு ஒரு நாள் அவனுக்கு அழைப்பு எடுத்து, ட்ரஸ்ட் சபைத் தேர்தலுக்கு நிற்கச் சொல். விற்பதா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், பரவாயில்லை, ஆனால் உள்ளே போய் இருந்து கணக்கைப் பார்த்துவிட்டு அவன் முடிவெடுக்கட்டும். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், அந்தக் காரணத்தை நானும் உட்கார்ந்து கேட்பேன்.

கோடைக்கு வருவதாகச் சொன்னாய், ஓகஸ்டில் பருவம் தொடங்கும்போது வருவதுபோல டிக்கெட் போடு, திகதியை முன்னமே சொன்னால் வீட்டு ஆட்டத்துக்கு இடம் எடுத்து வைப்பேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மாஸ்டருடைய மகனின் புதிய நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு, எனக்குத் தொலைந்துவிட்டது.

அன்புடன்,
சிவா