தேர்தல் போஸ்டர், பேனர் ஆர்டர் தருவோருக்கு ஒரு மடல்: அந்தக் கடைசி வரியும் அதற்கான படிவமும்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்த அன்று வேலூரில் எங்கள் அச்சகத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரிக்குள்ள கிடைச்சிடுமா?" கிடைக்கும். ஆயிரம் போஸ்டர் ஓட்ட மெஷினுக்கு அதிக நேரம் வேண்டாம். வெளியிடுபவர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வந்து சேரத்தான் இரண்டு நாள் ஆகிவிடுகிறது. படிவம் இல்லாமல் தேர்தல் வேலையை மெஷினில் ஏற்றுவதில்லை. காரணத்தை ஒருமுறை விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ அச்சிடும் எதிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும். தலைப்பில் சொன்ன கடைசி வரி இதுதான். வெளியிடுபவர் தன்னை அடையாளம் காட்டும் உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவரின் சாட்சியோடு, இரண்டு பிரதிகளாக அச்சகத்தில் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். "ரெண்டாயிரம்தானே" என்பவர்கள் அதற்கு முன்னால் இருப்பதைப் படிக்காமல் விட்டவர்கள். சாட்சிக் கையெழுத்துக்குக் கடைப் பையன்களைக் கேட்காதீர்கள். உங்களை நேரில் அறிந்தவர் என்ற இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போட முடியாது.

கூட்டம் நடக்கும் தேதி, நேரம், இடம் மட்டும் சொல்லும் நோட்டீசுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதே நோட்டீசில் சின்னமும் "வாக்களிப்பீர்" என்ற சொல்லும் ஏறிவிட்டால் விலக்கு கேட்க முடியாது. வெறும் கூட்ட நோட்டீஸ் என்று வருபவற்றில் அவை இல்லாதது அபூர்வம். ஆகவே எல்லாவற்றுக்கும் படிவம் கேட்கிறோம். ஜெராக்ஸ் எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அச்சுதான். கையால் எழுதிப் பிரதி எடுத்தால் மட்டும் இல்லை.

பிளெக்ஸ் பேனருக்கு இது பொருந்தாது என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. 2024 ஏப்ரலிலேயே ஹோர்டிங்குகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டுவிட்டது. பிளெக்ஸில் வரும் சிக்கலே வேறு. வரி அச்சாகியிருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தை ரீப்பர் கட்டைக்கு (பேனரைத் தாங்கும் மரச்சட்டம்) பின்னால் மடித்து ஆணி அடிக்கும்போது கீழே இரண்டு அங்குலம் உள்ளே போய்விடும். வரியும் அதோடு போய்விடும். தேர்தல் பறக்கும் படை வந்து பார்க்கும்போது "பின்னாடி இருக்கு சார்" என்பது செல்லாது, முகப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதனால் கீழ் விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் மேலே ஏற்றி, பின்னணி நிறத்துக்கு எதிர் நிறத்தில் அடிக்கிறோம். டிசைன் பார்க்க வரும் தம்பிகள் "இது அசிங்கமா இருக்குண்ணா, சின்னதாக்குங்க" என்பார்கள். செய்யமாட்டோம். போஸ்டரிலும் அப்படியே. கட்டிங்கில் போகாதபடி ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே வரும். இந்த வரி விடுபட்டது அச்சுக்கான பிளேட் போட்ட பிறகு தெரிந்தால் பிளேட்டையே மாற்ற வேண்டும். சரிபார்க்கும் ப்ரூஃப் வரும்போது தலைவர் படத்துக்கு முன்னால் அந்த வரியைப் பாருங்கள்.

அச்சான மூன்று நாளுக்குள் உங்கள் உறுதிமொழி, அச்சிட்ட மாதிரிகள், எத்தனை பிரதி, என்ன தொகை என்ற விவரம் எல்லாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடும். எந்த மாவட்டம் என்பதில்தான் குழப்பம். ஒட்டும் ஊர் கணக்கில்லை, அச்சிடும் ஊர்தான் கணக்கு. ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மக்களவைத் தொகுதியில் இருந்தாலும் திருப்பத்தூர் மாவட்டம். ஆனாலும் இங்கே அச்சிட்டால் படிவம் வேலூர் ஆட்சியருக்குத்தான். இன்னொன்று: காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, மக்களவைக்கோ அது அரக்கோணம் தொகுதி. "வேலூர் நாடாளுமன்றத் தொகுதி" என்று பழக்கதோஷத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாக்குப்பதிவு நாளைப் பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 2019 ஏப்ரல் 18 என்று வேலூரில் அடித்ததெல்லாம் இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, தேர்தல் ரத்தானதும் பழைய பேப்பர் ஆகிவிட்டது. வாக்குப்பதிவு நடந்தது ஆகஸ்ட் 5. தேதி இல்லாமல் ஒரு பங்கு அடித்து வைப்பது நல்லது.

எங்கே ஒட்டுவது என்பது எங்கள் வேலை இல்லை. ஆனாலும் கிழித்துப் போட்டதற்குக் கேள்வி எங்களிடம்தான் வருகிறது என்பதால் சொல்கிறோம். தேர்தல் அறிவித்த நேரத்திலிருந்து அரசுக் கட்டடங்களில் இருப்பதை 24 மணி நேரத்திலும், பொது இடங்களில் இருப்பதை 48 மணி நேரத்திலும், தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பதை 72 மணி நேரத்திலும் எடுத்துவிடுவார்கள். உங்கள் பழைய பிறந்தநாள் வாழ்த்துப் பேனரும் அதோடு போகும். மாநகராட்சி எல்லைக்குள் சுவர் எழுத்தும் போஸ்டரும் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் கூடாது. கிராம ஊராட்சியில் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வாங்கி, அதன் நகலை மூன்று நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் தர வேண்டும். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் கிராமம் மாதிரி இருந்தாலும் பேரூராட்சிகள். நகர்ப்புறக் கணக்கில்தான் வரும். வேலூர்க் கோட்டை மதில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அந்தப் பக்கமே வேண்டாம். மின்கம்பம், பாலாற்றுப் பாலத்தின் கைப்பிடி, சாலை நடுத்திட்டு எதுவும் ஆகாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடுத்திட்டுப் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன பெண் இறந்த பிறகு, இதில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜில் செயலியில் யாராவது படம் எடுத்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கணக்கு.

தற்காலிகத் தேர்தல் பணிமனைக்கு ஒரு கொடி, ஒரு பேனர், அவ்வளவே. பேனர் அளவு 4 அடிக்கு 8 அடிக்கு மேல் போகக் கூடாது. வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பத்துக்கு இருபது கேட்டால் பணிமனைக்கு இல்லை என்று எழுதித் தாருங்கள்.

பில்லைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பிரதி எண்ணிக்கையும் தொகையும் ஏற்கெனவே ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும்போது, வேட்பாளர் கணக்கில் வேறு எண் வந்தால் இருவருக்கும்தான் வம்பு. சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு ரூ.40 லட்சம், மக்களவைக்கு ரூ.95 லட்சம். ஆர்வத்தில் "இவண்: நண்பர்கள் குழு" என்று வேட்பாளர் படத்தோடு அடிக்க வருபவர்கள், வேட்பாளரின் எழுத்து அனுமதியோடு வர வேண்டும். அது இல்லாமல் செலவு செய்வதே குற்றம்.

பிளாஸ்டிக் கொடி தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை. துணிக் கொடி தைத்துத் தருகிறோம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனருக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை. "மெலிசா, ரேட்டு கம்மியா" என்று எங்கிருந்தாவது ரோல் வாங்கி வந்து அடிக்கச் சொன்னால் அடிக்க மாட்டோம். ராணுவ வீரர்கள் படமும் சாமி படமும் டிசைனில் வேண்டாம்.

ஆர்டரோடு கொண்டு வர வேண்டியவை: இரண்டு பிரதி உறுதிமொழி (வெற்றுப் படிவம் கவுண்டரில் இருக்கிறது), சாட்சிகள் இருவரின் பெயர், முகவரி, கையெழுத்து, வெளியிடுபவரின் அடையாள அட்டை நகல், பேனர் என்றால் கட்டும் இடத்துக்கு வாங்கிய அனுமதிக் கடிதம். இவை காலையில் வந்தால் சாயங்காலம் போஸ்டர் கட்டு உங்கள் ஆட்டோவில் இருக்கும்.

இப்படிக்கு,
அச்சக நிர்வாகம், வேலூர்