ஹேண்ட்பீஸ் இரண்டு போதாது

அன்புள்ள வசந்தி,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் புது பல் க்ளினிக்குக்கான சாமான் பட்டியல் கிடைத்தது. நாற்காலியின் நிறத்துக்கும் வரவேற்பறை விளக்குக்கும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை! ஆனால் பல்லைக் குடைய நாம் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸ் என்ற இடத்தில் 'இரண்டு' என்று ஒரே வார்த்தை. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நான் புதிதாகச் சேர்ந்த இடத்தில் கண்ணாடி, புரோப், ஃபோர்செப்ஸ் எல்லாம் ஒழுங்காகக் கழுவி, பையில் போட்டு ஒட்டி, நீராவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவில் வைப்பார்கள். ஹேண்ட்பீஸுக்கு மட்டும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, உடனே அடுத்தவர் வாய். கேட்டால், "சூட்டில் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் டாக்டர்" என்றார்கள். ஒருநாள் ஹேண்ட்பீஸின் தலைக்குள் சுழலும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டி வந்தது. தலையின் மூடியைத் திருகிக் கழற்றினேன். பேரிங்கைச் சுற்றி எண்ணெயும் அழுக்குமாகப் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே பளபளவென்று மின்னுகிறது, உள்ளே இப்படி! அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே கூடுதல் ஹேண்ட்பீஸுக்குச் சொல்லிவிட்டார்.

தும்மல் சார் வகுப்பில் இதைத்தானே அடித்துக்கொண்டார்? பெடலிலிருந்து காலை எடுத்ததும், உள்ளே காற்றில் சுழலும் டர்பைன் சட்டென்று நிற்பதில்லை. அது ஓடி ஓய்கிற அந்த நேரத்தில் எச்சிலும் ரத்தமும் உள்ளே இழுபடும். அடுத்த நோயாளிக்குத் தண்ணீர் பீய்ச்சும்போது அது வெளியே வரும். ஸ்பிரிட் பஞ்சு அங்கே எப்படிப் போகும்? ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20, 30 வினாடி காற்றும் தண்ணீரும் ஓடவிடுவது நல்லதுதான். ஆனால் அது கழுவுவதற்கு முந்திய வேலை, கிருமி நீக்கம் ஆகாது. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் ஹேண்ட்பீஸைச் சூட்டில்தான் ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2003லேயே சொல்லிவிட்டது.

இப்போது கணக்குப் போடு. நீராவி 134 டிகிரியில் நிற்க வேண்டியது 3 நிமிடம்தான். ஆனால் சூடேறி, காய்ந்து, ஆறி வர அதைப்போலப் பல மடங்கு ஆகும். அதற்கு முன்னால் கழுவ வேண்டும், எண்ணெய் விட வேண்டும், மிச்ச எண்ணெயைச் சுழலவிட்டு வெளியேற்ற வேண்டும், பையில் போட வேண்டும். பை ஈரமாக வெளியே வந்தால் அந்தச் சுற்று வீண், ஈரக் காகிதம் வழியே கிருமி உள்ளே போய்விடும். இரண்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும் கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வாய்? அவசரத்தில் உன் அசிஸ்டென்ட் கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போகும். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதே. விளக்கைக் குறைத்துக்கொள், ஆறு ஹேண்ட்பீஸாவது வாங்கு.

கெட்டுப்போகும் என்ற பயமும் வேண்டாம். 135 டிகிரி தாங்கும் என்று உடம்பிலேயே குறி இருக்கும், பார்த்து வாங்கு. எண்ணெய் விடாமல் சூட்டில் போட்டால்தான் பேரிங் போகும்.

அப்புறம் ஆட்டோக்ளேவ். அதில் கிளாஸ் என் என்ற வகை மலிவுதான், ஆனால் குழாய் மாதிரி உள்ளே துளை உள்ள சாமானில் அடைந்திருக்கும் காற்றை அது முழுதாக வெளியேற்றாது. காற்று இருக்கும் இடத்துக்கு நீராவி போகாது. கிளாஸ் பி வகை முதலில் வேக்குவத்தால் காற்றை உறிஞ்சிவிடும், அதையே வாங்கு. பையில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதே. சூடு பட்டது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. வாரம் ஒருமுறையாவது, சூட்டில் எளிதில் சாகாத கிருமி உள்ள குப்பியைச் சுற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் வை. சுற்றில் வைக்காத ஒரு குப்பியையும் கூடவே இன்குபேட் செய், அதாவது கிருமி வளரும் இளஞ்சூட்டில் வை. அதில் கிருமி வளர்ந்து, சுற்றில் வைத்ததில் வளராமல் இருந்தால்தான் நம்பலாம்.

அசிஸ்டென்டுக்குக் கழுவும் வேலைக்கென்று தடித்த கையுறை வாங்கிக் கொடு. மெல்லிய கையுறையோடு, பல் காரையைச் சுரண்டும் ஸ்கேலரின் கூர் முனையைத் தேய்க்கவிடாதே. குத்தினால் அவள் வாழ்க்கைப் பிரச்சினை.

திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். நம்ம ஒல்லியும் வருவதாகச் சொன்னாள், அவளிடம் நாற்காலி நிறத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. பட்டியலைத் திருத்தி உடனே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாலா