ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு: இயற்கணிதமும் வடிவியலும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். மதிப்பீட்டு அறிக்கையில் கணிதத்திற்கு ஓர் அடைவுநிலைதான் இருக்கும். அதை வைத்து "பிள்ளைக்குக் கணக்கே வரவில்லை" என்று முடிவுகட்டி, உடனே டியூசனுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, தவறுகள் எந்தப் பக்கங்களில் கிடக்கின்றன என்று பாருங்கள். 8 + 4 = 12 போன்ற எண் வாக்கியத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியின் படிவம் 1-இல் இயற்கணிதம் இடிக்கும். படத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வடிவியல் இடிக்கும். இரண்டுக்கும் ஒரே பயிற்சி உதவாது.

இயற்கணிதம் வராததற்கு எக்ஸ், ஒய் எழுத்துகளைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் சிக்கல் சமக்குறியில்தான் இருக்கிறது. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். விடை 7. பிள்ளை 12 என்று எழுதினால், சமக்குறி "விடையை இங்கே எழுது" என்ற கட்டளையாக மனத்தில் பதிந்திருக்கிறது. 17 என்றால், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியாயிற்று. "15 + 6 = 21 × 2 = 42" என்று ஒரே வரியில் சங்கிலியாக எழுதுவதும் இதே குறைதான்: 15 + 6, 42-க்குச் சமமில்லை. தினமும் 12 = 5 + □, 9 + □ = 6 + 7 போன்று ஐந்து கணக்குகள் போதும். விடை எப்போதும் வலக்கோடியில்தான் இருக்கும் என்ற பழக்கம் உடைய வேண்டும்.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் இன்னொரு வழுக்கல். 10 − (7 − 3) என்பதற்கு விடை 6. அடைப்பைச் சும்மா நீக்கி 10 − 7 − 3 என்று எழுதினால் 0 வரும். வாய்ப்பாடும் பின்னமும் தடையின்றி வராத பிள்ளைகள் பெருக்குவதிலேயே கவனத்தைச் செலவழித்து, அடுத்த படியை மறந்துவிடுகிறார்கள். 12 வரை வாய்ப்பாடு சரளமாக வரட்டும்.

வடிவியல் வேறு மாதிரி. கோடுகளை நீட்டி வரைந்தால் கோணம் பெரிதாகிவிட்டது என்று நினைப்பது, சாய்த்து வரைந்த சதுரத்தைச் சதுரமில்லை என்பது, கோணமானியில் தவறான வரிசையைப் படித்து 130 பாகையை 50 என்று எழுதுவது, இவை அடிக்கடி வரும் தவறுகள். அளப்பதற்கு முன்பே "செங்கோணத்தைவிடப் பெரிதா, சிறிதா?" என்று சொல்லச் சொல்லுங்கள். கடைசித் தவறு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

முக்கோணத்தின் உயரம்தான் பலரையும் கவிழ்க்கிறது. சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு நம் தோட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக நடுவது வழக்கம். ஒரு மரத்தைச் சுற்றி ஆறு மரங்கள், எல்லாம் ஒரே தூரத்தில். ஆனால் நிரைக்கும் நிரைக்கும் இடையே 9 மீட்டர் இருக்காது, ஏறக்குறைய 7.8 மீட்டர்தான். அதுவே முக்கோணத்தின் உயரம். வீட்டில் 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை வரைந்து, உயரத்தை அடிக்கோலால் அளக்கட்டும். பரப்பளவு 9 × 9 ÷ 2 = 40.5 அல்ல, 9 × 7.8 ÷ 2 = 35.1 சதுர சென்டிமீட்டர் என்பது தானே புரியும். உருவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை. வரைந்து, வெட்டி, மடித்துப் பழகினால் வளரும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது பொருந்தும்.

இடைநிலைப்பள்ளியில் கணிதம் மலாய்மொழிக்கு மாறும்போது வடிவியலுக்குத்தான் அடி கூடுதல், ஏனெனில் அதில் சொற்கள் அதிகம். இப்போதே படம் வரைந்து, பக்கத்தில் இணைகோடு – காரிஸ் செலாரி, குறுங்கோணம் – சுடுட் தீருஸ் என்று தமிழ்ச்சொல், மலாய்ச்சொல் இரண்டையும் எழுதி வைக்கட்டும்.

தவறுகள் நிறைந்த பக்கங்களில் அடையாளம் வைத்து, புத்தகத்தைக் கணித ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கோணமானியோ கட்டத்தாளோ இல்லையென்றால் தயங்காமல் அலுவலகத்தில் கேளுங்கள், பள்ளி தரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்